ஹேமாவதிக் கரையில் ஒரு கோயில்

பெங்களூரில் வாழும் தமிழருக்குச் சிவாஜிநகர் மாதா கோயிலைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகஸ்டு மாத இறுதியில் கொடி ஏறிவிட்டால், செப்டம்பர் 8ஆம் நாள் தேர்த் திருவிழா முடியும் வரையில் அத்தெருக்களில் காவியுடை அணிந்த மக்கள் வெள்ளம் ஓய்வதில்லை. மதம் வேறாயினும் மெழுகுவர்த்தி ஏற்றிச் செல்வோர் பலர். உயர்ந்த கோபுரத்துடன் இன்று நாம் காணும் கட்டடம் 1882ல் முடிவுற்றது. அதற்கு முன் அவ்விடத்தில் இருந்தது, செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எழுப்பிய, கூரை வேய்ந்த ஒரு சிற்றாலயம் என்பது வழிவழியாக வரும் செய்தி. அச்சிற்றாலயத்தின் தொடக்க நாட்களோடு சேர்த்துப் பேசப்படும் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் உண்டு. அவர் நடந்த வழியைத் தேடிச் சென்ற மாசி மாதத்தில் நாங்கள் மூவர் மைசூர்ச் சீமையின் நாட்டுப்புறத்துக்குப் புறப்பட்டோம். அவரைத் தேடிப் போய் நாங்கள் கண்டதோ வேறொன்று.

அந்தப் பாதிரியாரின் பெயர் அபே துபுவா. 1792ல் இந்தியாவுக்கு வந்தவர். தலைப்பாகை கட்டி, இந்நாட்டு உடை உடுத்தி, புலால் நீக்கி, ஊர் மக்களோடு ஊர் மக்களாக முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட பின்னர், அங்கே சிதறிக் கிடந்த கிறிஸ்தவக் குடிகளை ஒன்று சேர்க்கும் பணி இவரிடம் வந்து சேர்ந்தது. அத்தீவின் கீழ்ப்புறத்தில் கஞ்சாம் என்னும் பகுதி இருக்கிறது. திப்புவின் கல்லறையாகிய கும்பஸுக்கும், சுவரெல்லாம் போர்ச் சித்திரங்கள் தீட்டப்பெற்ற தரியா தௌலத் மாளிகைக்கும் வண்டி வண்டியாக வந்திறங்கும் யாத்திரிகர்கள், அருகிலேயே துபுவா நிறுவிய சிறிய கோயில் ஒன்று இருப்பதை அறிவதில்லை. கண்ணைக் கவரும் அலங்காரம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் இன்றைக்கும் வழிபாடு நடக்கும் கோயில் அது. பூட்டிக் கிடக்கும் காட்சிப் பொருளன்று. நாங்கள் சென்றபோது ஒரு மூதாட்டி வாசற்படியைக் கழுவிக் கோலமிட்டுக்கொண்டிருந்தார்.

துபுவாவை உலகம் அறிந்தது, இந்து மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலால். அதன் கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 2000 வராகன் கொடுத்து வாங்கினர். 1816ல் அது ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அந்நூலின் கருத்துகள் பலவற்றோடு நாம் இன்று உடன்படுவதற்கில்லை. ஆனால், வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பிரெஞ்சு மக்களுக்கு அறிமுகம் செய்து வைத்தவர்களில் இவரும் ஒருவர் என்பது தமிழர்களில் பலர் அறியாத செய்தி. பஞ்சதந்திரத்தோடு சேர்த்து 1826ல் பாரிஸில் அதை வெளியிட்டார். மட்டியும் மடையனும் பாரிஸ் நகரில் உலவிய காட்சியை நினைத்து வண்டியிலேயே சிரித்துக்கொண்டோம்.

நூலைக் காட்டிலும் பெரிதென்று எமக்குத் தோன்றுவது வேறொரு செயல். 1803-04ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டில் அம்மைக் கொள்ளைநோய்க்கு எதிராக அவர் ஊர் ஊராகச் சென்று பால் குத்தும் ஏற்பாட்டைச் செய்தார். அவ்வாறு குத்திக்கொண்டு பதிவேட்டில் ஏறியவர்கள் 25,432 பேர். ஹாசனுக்கு அருகே ஸத்தள்ளியில், வாழ வழியற்றுப் போன கிறிஸ்தவக் குடிகளுக்கு நிலம் தேடிக் கொடுத்து உழவுக் குடியிருப்பு ஒன்றையும் அமைத்தார். கன்னட மக்கள் அவரை ‘தொட்டசாமியவரு’ என்று அழைத்தனராம். நம் மொழியில் பெரிய சாமியார். 1823ல் தாய்நாடு திரும்பிய அவர் 1848ல் மறைந்தார். ஆயினும் ஹாசன் பக்கத்துச் சிற்றூர்களில் பிரெஞ்சுக் குருமாரின் பணி நின்றுவிடவில்லை. அதன் தொடர்ச்சியாக எழுந்ததே நாங்கள் காணச் சென்ற ஷெட்டிஹள்ளிக் கோயில்.

ஹாசனுக்குப் பெங்களூரிலிருந்து ரயிலிலேயே போகலாம். சிரவணபெளகொள வழியாகச் செல்லும் இருப்புப்பாதை 2017ல் திறக்கப்பட்ட பிறகு பயணம் எளிதாகிவிட்டது. ஹாசனில் இறங்கி வாடகை வண்டி பிடித்தால் சுமார் இருபது கிலோமீட்டர். வழியெல்லாம் கேழ்வரகுக் கொல்லைகளும் தென்னந்தோப்புகளும் உருளைக்கிழங்கு வயல்களும். ஒரு திருப்பத்தில் சாலை இறங்குகிறது, மரங்கள் விலகுகின்றன, வெட்டவெளியின் நடுவே, கூரையில்லாத ஒரு பெருங்கட்டடம் நிற்கிறது.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு, 1860களில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய செபமாலை மாதா கோயில் இது. மேல்நாட்டு ‘கோதிக்’ பாணியில், கூப்பிய கைகளைப் போல் மேலே கூர்ந்து முடியும் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. கூரை போய்விட்டது. சன்னல்களில் கண்ணாடி இல்லை. பீடம் இருந்த இடத்தில் வண்டல் மண் படிந்து, வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பாசியின் கறை ஒரே மட்டமாக ஓடுகிறது. நீர் நிற்கும் அளவு அது. ஏனெனில், நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் நிலமன்று, ஏரியின் அடித்தளம்.

கொரூரில் ஹேமாவதியின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1979ல் முடிவுற்றது. கன்னட எழுத்தாளர் கொரூர் ராமசாமி ஐயங்காரால் பெயர் பெற்ற ஊர் அது. அணையின் பின்னே தேங்கிய நீரில் பல ஊர்கள் மூழ்கின. மக்கள் மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். கோயிலை யாரும் இடிக்கவில்லை. எடுத்துச் செல்லவும் இயலவில்லை. அன்று தொட்டு ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவமழை பெய்து நீர் ஏறும்போது சுவர்கள் மெல்ல மெல்ல முழுகி, வளைவுகளின் மேற்பகுதி மட்டும் நீருக்கு மேல் தெரிகிறது. மார்கழி, தை கடந்தால் மீண்டும் முழு உருவமும் வெளிப்படுகிறது.

எங்களுக்கு முன்பே அங்கே இரண்டு கூட்டத்தார் வந்திருந்தனர். ஒன்று, மணமக்களைப் படம் பிடிக்க வந்த கூட்டம். மணப்பெண்ணைச் சன்னல் விளிம்பில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். மற்றொரு கூட்டத்து இளைஞர்கள் சாவியால் தங்கள் பெயரைக் காரையில் கீறிக்கொண்டிருந்தனர். பழைய பெயர்கள் எத்தனையோ அங்கே ஏற்கெனவே இருந்தன. கடிந்து பேச நாங்கள் வாயெடுப்பதற்குள், மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் அருகில் வந்து அவர்களை இறங்கச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, “விழுந்துவிடுவீர்கள், அப்பா” என்றுதான் கன்னடத்தில் சொன்னார்.

அவரோடு பேச்சுக் கொடுத்தோம். இளமையில் அந்தக் கோயிலில் மணம் முடித்தவர் அவர். கோயிலைச் சுற்றி நாங்கள் கண்டது வெறும் வெடித்த மண். அவரோ கைத்தடியை நீட்டி, இது தெரு, இது கிணறு, இது உபதேசியார் வீடு, அதோ அந்தப் பள்ளம் எங்கள் களத்துமேடு என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, “இங்கே எங்கள் வீட்டு அடுப்பங்கரை” என்றார். நாங்கள் குனிந்து பார்த்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கோயிலைப் பார்க்க எத்தனையோ பேர் வருகிறார்கள், ஊர் எங்கே இருந்தது என்று எவரும் கேட்பதில்லை என்றார் அவர். எங்களுக்கு நாணமாக இருந்தது. நாங்களும் கேட்க எண்ணி வந்தவர்கள் அல்லர்.

நேயர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஷெட்டிஹள்ளியின் சுவரைத் தொட்டு நிற்கும் இந்நீர், கிருஷ்ணராஜசாகரத்தில் காவிரியோடு கலந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஓடி, மேட்டூருக்கு வருகிறது. பெங்களூர்க் குழாய்களில் நாம் பிடிக்கும் நீரும் காவிரி நீரே. இந்த ஒரே ஆற்றுத் தொடரில் கோயில்கள் முழுகியது ஒருமுறையன்று. கிருஷ்ணராஜசாகர அணை 1911ல் தொடங்கிக் கட்டப்பட்டபோது கண்ணம்பாடி ஊரும், ஹொய்சளர் காலத்து வேணுகோபாலசுவாமி கோயிலும் நீருள் போயின. பல பத்தாண்டுகள் கழித்துக் கோடே அறக்கட்டளையார் அக்கோயிலின் கற்களுக்கு எண்ணிட்டுப் பெயர்த்து, நீர்த்தேக்கத்தின் கரையிலேயே புதிய கண்ணம்பாடியில் அடுக்கி நிறுத்தினர். 1934ல் முடிவுற்ற மேட்டூர் அணையிலோ, நீர்மட்டம் 80 அடிக்கும் கீழே இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் பழைய மாதா கோயில் கோபுரமும், ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் தலைகாட்டுகின்றன. நந்தியின் கழுத்து தெரிந்தால் டெல்டா உழவனுக்கு அச்சம். வேடிக்கை பார்ப்போருக்குத் திருவிழா. இத்தாலியின் வடகோடியில் குரோன் என்ற ஊர் 1950ல் மூழ்கியபோதும் ஏரிக்கு நடுவே அதன் மணிக்கூண்டு மட்டும் எஞ்சிற்று. அதைப் பார்க்கவும் உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள்.

கண்ணம்பாடியைப் போல ஷெட்டிஹள்ளியையும் பெயர்த்து வைக்கலாகாதோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். முடியாது என்பதே எமது எண்ணம். ஹொய்சளர் கோயில் தனித்தனிக் கற்களை இணைத்துக் கட்டியது. அவிழ்த்து மீண்டும் பூட்டலாம். செங்கல்லையும் காரையையும் பிரித்தால் மிஞ்சுவது பொடிதான். சுவர் எப்போதும் நீருக்குள் இருந்தாலும் இவ்வளவு கெடாது. ஆண்டுக்கொரு முறை ஊறுவதும் உலர்வதும் மாறி மாறி நடப்பதால் சுண்ணாம்பு கரைந்து, செங்கல் உப்புப் பூத்து உதிர்கிறது. ஆகவே, இக்கோயில் என்றேனும் ஒரு நாள் சாயத்தான் போகிறது. சாயும் வரை அதன்மேல் ஏறாமலும் கீறாமலும் இருப்பது வருவோர் கடமை. அதனினும் அவசரமானது ஒன்றுண்டு. கோயில் இன்னும் சில ஆண்டுகள் நிற்கக்கூடும். அடுப்பங்கரை இருந்த இடத்தைக் காட்டத் தெரிந்தவர்கள் நிற்க மாட்டார்கள். 1979ல் இருபது வயதாயிருந்தவர் இன்று அறுபத்தைந்தைக் கடந்தவர். ஞானஸ்நானப் பதிவேடுகள் தேடித் திரட்டப்பட வேண்டும். ஊரின் வரைபடம் இம்முதியவர்களின் வாய்மொழியிலிருந்து எழுதப்பட வேண்டும். ஹாசனிலும் பெங்களூரிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. படக்கருவியோடு வரும் நூறு பேரில் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு வந்தால் போதும்.

போக விரும்பும் நேயர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். தை முதல் சித்திரை வரை சென்றால் உள்ளே நடக்கலாம். ஆடி, ஆவணியில் சென்றால் கரையிலிருந்துதான் பார்க்கலாம். ஈர வண்டலில் கால் புதையும். நீர்விளிம்புக்குக் குழந்தைகளை விடலாகாது. குடிநீரும் உணவும் கையோடு கொண்டு போவது நலம். கொண்டு போன காகிதத்தையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவருவது அதனினும் நலம். நாள் மிகுந்தவர்கள் அருகிலுள்ள தொட்டகத்தவள்ளிக்கும் சென்று, வணிகர் ஒருவர் மனைவியோடு சேர்ந்து 1113ல் எடுப்பித்த இலக்குமி கோயிலைக் காணலாம். பேலூர், ஹளேபீடு கூட்டம் அங்கே இராது.

நாங்கள் விடைபெற்றபோது வெயில் சாய்ந்திருந்தது. மணக்கோலக் கூட்டம் போய்விட்டது. முதியவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு கோயிலின் ஊடாகவே நடந்தார். வெட்டவெளியில் வேறு வழி எத்தனையோ இருக்கையில், தெருவாக இருந்த அந்த வழியைத்தான் அவர் பிடித்தார். கிணறு இருந்த இடத்தில் மாடுகளையும் ஒதுக்கி, தாமும் ஒதுங்கிப் போனார்.