ஆங்கிலப் பேச்சில் மெலியும் உயிர்கள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மன்னார் இளைஞர் ஒருவரைக் கனடாவிலிருந்து தொலைபேசியில் நேர்முகம் கண்டார்கள். திங்கட்கிழமை மீண்டும் பேச இயலுமா என்று கேட்டதற்கு "ஐ கேன்" என்று தொடங்கி, 'கேன்' என்ற சொல்லை நிறுத்தி அழுத்திச் சொன்னார். கேட்டவர் "முடியாது" என்று விளங்கிக்கொண்டு பேச்சை முடித்துவிட்டார்! இலக்கணத்தில் பிழை இல்லை. வட அமெரிக்கர் வாக்கியத்தினுள்ளே "முடியும்" என்னும்போது அந்த உயிரை விழுங்கிக் 'க்ன்' என்பர். "முடியாது" என்னும்போதுதான் 'கேன்ட்' என்று உயிரை முழுதாய் ஒலிப்பர். ஈற்று டகரம் பல வேளை காதில் விழாது.

நாம் எழுத்துக்கு எழுத்து மாத்திரை கொடுத்துப் பழகியவர்கள். ஆங்கிலமோ ஒரு சொல்லில் ஓரிடத்தை ஓங்கிப் பிடித்து, மற்றவற்றை மெலியவிடும் பாஷை. மெலிந்த உயிர் அகரமா எகரமா என்று தெரியாதபடி நடுநாவில் மங்கிப்போகும். அதற்கு 'ஷ்வா' என்று பெயர். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிர் அதுவே. ஆயினும் நெடுங்கணக்கில் அதற்கென ஓர் எழுத்து இல்லை. 'பனானா' என்பதில் நடு 'னா' மட்டும் ஓங்கும், இருபுறமும் மங்கல். 'ரீச்சர்' என்பதன் ஈற்றுயிரும் அப்படியே.

இது நமக்கு முற்றிலும் புதிதா? அன்று. 'பசு'விலுள்ள உகரத்துக்கு ஒரு மாத்திரை, 'காசு'விலுள்ளதற்கு அரை மாத்திரை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் கடைசி இயலையே குற்றியலுகரத்துக்கு ஒதுக்கினார். 'தலைமன்னார்' என்கிறோமே, அந்த ஐகாரமும் தன் இரண்டு மாத்திரையில் குறைந்தே ஒலிக்கிறது. (பரீட்சைக்காக மனனம் செய்த பிள்ளைகள் இதைக் காதால் கேட்டுப் பார்த்ததில்லை என்பது வேறு கதை.)

வேற்றுமை ஒன்று உண்டு. தமிழில் எங்கே குறுகும் என்பதற்கு விதி உண்டு. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறும். 'போட்டோகிராப்' என்பதில் முதலெழுத்து ஓங்கும். அதை எடுக்கும் ஆளைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும். முன் ஓங்கிய 'போ' மங்கிவிடும். ஆகையால் புதுச் சொல்லைப் படிக்கும்போதே அழுத்தத்தையும் அகராதியிற் பாருங்கள். ஓங்கும் அசைக்கு முன்னே மேலே ஒரு சிறு கோடு இருக்கும். டானியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி முதல் இன்றைய கைப்பேசி அகராதிகள் வரை இதைக் காணலாம்.

வெள்ளைக்காரரைப்போல நாக்கைச் சுழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டு ஆங்கிலத்துக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அவர்கள் விழுங்குவதைப் பிடிக்க நம் செவி பழகவேண்டும்.

அந்த இளைஞர் மறுநாள் மின்னஞ்சலில் விளக்கம் எழுதி, மறுபடியும் அழைக்கப்பட்டார். இம்முறை, இயலுமா என்று கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 'யெஸ்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாராம்.