நரி என்ன சாப்பிடும்? வடையை விட்டுட்டுப் பேசுவோம்

இந்த வார எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து வந்தது. வண்டலூர் – கேளம்பாக்கம் ரோடு பக்கம் புதுசா அபார்ட்மென்ட்டுல குடிபோன ஒரு நேயர் அனுப்பியிருந்தார். 40 செகண்ட் ஆடியோ. முதல்ல ஏசி சத்தம், தூரத்துல ஒரு லாரி, அப்புறம் ஒரு ஊளை. ஒண்ணு ஆரம்பிக்குது, இன்னொண்ணு சேருது, அதுக்கு மேல எத்தனைன்னு எண்ண முடியல. கடைசியில தெருநாய்ங்க எல்லாம் சேர்ந்து குரைச்சு அதை அமுக்கிடுது. கூடவே கேள்வி: "ப்ரோ, இது நரிதானே? இந்த ஏரியாவுல எதைத் தின்னு இது உயிரோட இருக்கு? என் பூனையைத் தூக்கிடுமா?"

நரிதான். பூனை விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தை சரிபண்ணிடலாம். நம்ம ஸ்கூல் புத்தகத்துல நரின்னு ஒரு படம் இருக்கும். ஆரஞ்சு கலர், புசுபுசுன்னு வால், வால் நுனி வெள்ளை. அது ஐரோப்பாவுல இருக்கிற செந்நரி. தாம்பரத்தைச் சுத்தி நூறு கிலோமீட்டர் தேடினாலும் அது கிடைக்காது. நம்ம ஊர்ல தாத்தா பாட்டி 'நரி'ன்னு சொன்னது பெரும்பாலும் பொன்னரி, இங்கிலீஷ்ல கோல்டன் ஜாக்கல். நாய் குடும்பம், ஓநாய்க்கு நெருங்கின சொந்தம், எடை ஏறக்குறைய 8-ல இருந்து 11 கிலோ. இது இல்லாம இன்னொண்ணு இருக்கு, அதைவிட சின்னது, 3 கிலோ சுமாருக்கு, வெட்டவெளியில குழி தோண்டி வாழும். அதுதான் இந்திய நரி. அதைச் சிலர் குள்ளநரிங்கிறாங்க, சிலர் பொன்னரியையே குள்ளநரிங்கிறாங்க. இன்னைக்கு நான் நரின்னு சொன்னா பொன்னரி. சின்னதைப் பத்தி சொல்லும்போது தனியா சொல்றேன்.

அந்த வடை கதையும் இறக்குமதிதான். ஈசாப் கதையில காக்கா வாயில இருந்தது சீஸ். நம்ம பாட்டிங்க அதை வடையா மாத்தி, கூடவே வடை சுடுற ஒரு பாட்டியையும் சேர்த்துட்டாங்க. ஒரிஜினலைவிட நம்மது பெட்டர்னுதான் நான் சொல்வேன். ஆனா அந்தக் கதையால நரின்னா ஏமாத்திப் பிடுங்கித் தின்னுற ஜென்மம்னு நம்ம மண்டையில பதிஞ்சுபோச்சு. நிஜத்துல அதோட தட்டுல என்ன இருக்குன்னு பார்த்தா, பாதிக்கு மேல நாம விரட்ட நினைக்கிற சமாச்சாரம்தான்.

முதல் ஐட்டம் எலி. வயல் எலி, சுண்டெலி, பெருச்சாளி. கன்ஹா புலிகள் காப்பகத்துல நடந்த பழைய ஆய்வு ஒண்ணுல, நரி சாப்பிட்டதுல சுமார் 80 சதவீதம் எலி வகை, ஊர்வன, பழம், இந்த மூணும்தான். ராஜஸ்தான் பரத்பூர்ல எலி, பறவை, பழம் சேர்த்து 60 சதவீதத்துக்கு மேல. கவனிங்க, ரெண்டு லிஸ்ட்லயும் பழம் இருக்கு. எலி பிடிக்கிற முறையும் அழகு. புல்லுக்குள்ள சத்தம் வர்ற இடத்தைக் காதால குறிவெச்சு, அப்படியே எகிறி, முன்னங்கால் ரெண்டையும் சேர்த்து மேல இருந்து அமுக்கும்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? நரி பின்னாடியே ராத்திரி முழுக்க நோட்டு எடுத்துக்கிட்டு யாரும் ஓட முடியாது. அதனால மலத்தைப் பொறுக்குறாங்க. சிரிக்காதீங்க, காட்டுயிர் ஆராய்ச்சியில இது ரொம்ப மதிப்பான வேலை. பொறுக்கி, சல்லடையில போட்டுக் கழுவி, காய வெச்சா முடி, எலும்புத் துண்டு, பல், விதை, வண்டோட ஓடு எல்லாம் தனித்தனியா மிஞ்சும். முடியை மைக்ரோஸ்கோப்ல வெச்சா அதோட செதில் அமைப்பை வெச்சு எலியா, முயலா, மானான்னு சொல்லிடலாம். நம்ம பாஷையில சொன்னா லாக் ஃபைல் படிக்கிறது. என்ன நடந்துச்சுன்னு தெரியும், எப்படி நடந்துச்சுன்னு தெரியாது. மான் முடி கிடைச்சா, நரி மானை வேட்டையாடுச்சா, இல்ல ஏற்கெனவே செத்துக் கிடந்ததைத் தின்னுச்சான்னு அந்த முடி சொல்லாது. "நரி மானையெல்லாம் அடிச்சுத் தின்னுது"ன்னு யாராவது புள்ளிவிவரம் காட்டினா, இதைக் கேளுங்க.

அதுக்காக நரி மானைத் தொடவே தொடாதுன்னு அர்த்தமில்லை. கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள புள்ளிமான், வெளிமான், நரி எல்லாம் இருக்கு. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐஐடி. அங்க பிறந்து சில நாளே ஆன குட்டியை நரி பிடிக்கும். கோடியக்கரையிலயும் வெளிமான் குட்டிக்கு நரிதான் முக்கியமான ஆபத்து. வளர்ந்த மானைப் பொறுத்தவரைக்கும் அது பெரும்பாலும் செத்ததைச் சுத்தம் பண்ற ஆள்தான். கோடியக்கரை, நாகப்பட்டினம் கடற்கரையில பங்குனி ஆமை முட்டை வெச்சுட்டுப் போனா, அதையும் தோண்டித் தின்னும். நண்டையும் விடாது. 'நண்டைச் சுட்டு நரியைக் காவல் வெச்ச மாதிரி'ன்னு ஒரு பழமொழி இருக்கே, அதைச் சொன்னவர் நரியை நல்லா பார்த்திருக்கார்.

இப்போ பழம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா இது. இலந்தை, நாவல், சரக்கொன்றை காய், சீமைக்கருவேல நெத்து எல்லாத்தையும் நரி சாப்பிடும். 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' கதையில அது திராட்சைக்கு எகிறினது பொய்யே இல்லை. மதுராந்தகம் தாண்டி கிராமத்துல இருக்கிற என் மாமாகிட்ட போன்ல கேட்டேன். அவர் தர்பூசணி போடுறவர். "மாப்ள, அது காயில வாய் வைக்காதுடா. நாம தட்டித் தட்டிப் பார்ப்போம், அது மோந்து பார்க்கும். பழுத்தது எதுவோ அதுல மட்டும் ஒரு ஓட்டை. மறுநாள் நாம அறுக்கணும்னு வெச்சிருப்போம் பாரு, கரெக்டா அதுல." கோவம் இருந்துச்சு, கொஞ்சம் மரியாதையும் இருந்துச்சு. "சரி, எலி?"ன்னு கேட்டேன். "எலி இப்பதான் ஜாஸ்தி. முன்னெல்லாம் ஏரிக்கரையில ராத்திரி ஆனா ஊளை கேக்கும். இப்ப நான் கேட்டே வருஷம் ஆச்சு"ன்னார். ஒருத்தர் அனுபவம்தான், இதை டேட்டான்னு நான் சொல்ல மாட்டேன்.

பழத்தை முழுங்கினா கொட்டை வேற எங்கேயோ போய் விழும். இலந்தை மாதிரி புதர்ச்செடிக்கு நரி ஒரு டெலிவரி பார்ட்னர். இதுல ஒரு பழைய கதை உண்டு. 19-ம் நூற்றாண்டுல சென்னை ராணுவத்துல டாக்டரா இருந்த ஜெர்டான்னு ஒரு இயற்கை ஆய்வாளர், இந்தியப் பாலூட்டிகள் பத்தி புத்தகம் எழுதினவர். வயநாட்டுலயும் இலங்கையிலயும் நரிங்க பழுத்த காபிப் பழத்தை நிறைய தின்னும்னு அதுல பதிவு பண்ணியிருக்கார். கொட்டை மட்டும் ஜீரணமாகாம வெளிய வரும், தோட்டத் தொழிலாளிங்க அதைப் பொறுக்குவாங்க, அந்தக் கொட்டையிலதான் காபி பிரமாதமா இருக்கும்னு ஊர்ல பேச்சு. இன்னைக்கு புனுகுப்பூனை காபிக்கு ஆயிரக்கணக்குல பில் போடுறாங்களே, அதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல நரி காபி. கும்பகோணம் டிகிரி காபி கடைக்காரங்க யாரும் இதைக் கேட்டு ஐடியா எடுத்துடாதீங்க.

சின்ன நரிக்கு, அதாவது இந்திய நரிக்கு, பூச்சிதான் மெயின் சாப்பாடு. கரையான், வெட்டுக்கிளி, வண்டு, அதோட எலியும் ஓணானும். மழை பெஞ்சு ஈசல் கிளம்பினா அதுக்கும் விருந்து. ஈசலை வறுத்துத் தின்ன தலைமுறை நம்ம வீட்டுலயும் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்க.

மயில் விஷயத்தையும் சொல்லணும், இல்லைன்னா கமெண்ட்ல வந்துடுவீங்க. கோவை, திருப்பூர் பக்கம் விவசாயிங்க பல வருஷமா சொல்றாங்க: நரி குறைஞ்சதாலதான் மயில் பெருகி பயிரை அழிக்குதுன்னு. மயில் தரையில முட்டை வைக்கும், நரி முட்டையும் குஞ்சும் தின்னும், அது வரைக்கும் சரி. ஆனா மயில் பெருக அது ஒண்ணுதான் காரணம்னு நான் ஒத்துக்க மாட்டேன். வேட்டை குறைஞ்சது, வருஷம் பூரா தீனி கிடைக்கிறது, எல்லாம் சேர்ந்துதான்.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். தாம்பரம், வண்டலூர், நன்மங்கலம் பக்கம் எல்லாம் ஒரு காலத்துல புதர்க்காடும் ஏரியும் நெல் வயலும் மாறி மாறி இருந்த நிலம். கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல தாம்பரத்துக்கு வந்தப்போ அது காட்டுக்குள்ள போய் உட்கார்ந்த காலேஜ். அந்த வளாகம், வண்டலூர் காடு, நன்மங்கலம் காப்புக்காடு, எல்லாம் இப்போ கட்டடத்துக்கு நடுவுல மிச்சமான துண்டுங்க. நரியோட பழைய மெனுவை எடுத்து இந்த மேப் மேல வெச்சுப் பாருங்க. வயல் போனதும் வயல் எலி போச்சு. இலந்தைப் புதர் 'காலி மனை' ஆச்சு. அந்த இடத்துல என்ன வந்துச்சு? குப்பை. பிரியாணிக் கடை எலும்பு, கோழிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்து இலை. அதோட வீட்டு எலி.

நரி இதையும் சாப்பிடும். வங்கதேசத்துலயும் இந்தியாவுல சில இடங்கள்லயும் குப்பையையும் செத்த மாட்டையும் நம்பியே நரிங்க வாழுது. மிஞ்சினதை மண்ணுல புதைச்சு வெச்சுக்கும். அப்போ பிரச்சினை முடிஞ்சுதான்னு கேட்டா, இல்லை, அங்கதான் ஆரம்பம். அந்தக் குப்பைக்கு ஏற்கெனவே ஓனர் இருக்கு: தெருநாய். எண்ணிக்கையில நாய்தான் ஜாஸ்தி, பயமும் இல்லை. சண்டையில நரி தோத்துடும். தோக்கிறதைவிட மோசம் நாய்கிட்ட இருந்து வர்ற வெறிநோயும் டிஸ்டெம்பர் வைரஸும். ஒரு சின்னக் காட்டுத் துண்டுக்குள்ள இருக்கிற சில நரிக்கு அது வந்தா, வெளிய இருந்து புதுசா வந்து சேர வழியும் கிடையாது. நடுவுல ஜிஎஸ்டி ரோடு ஓடுது.

சீமைக்கருவேலம் இன்னொரு சிக்கல். அந்நிய மரம், அழிக்கணும், கோர்ட்டும் உத்தரவு போட்டிருக்கு, நானும் அதுக்கு ஆதரவுதான். ஆனா சில ஏரிக்கரையில நரிக்கு மிச்சமிருக்கிற ஒரே ஒளிவிடமும் அதுதான், அதோட நெத்துதான் கோடையில சாப்பாடு. ஒரே நாள்ல ஜேசிபி விட்டு வழிக்காம, பகுதி பகுதியா எடுத்து, எடுத்த இடத்துல இலந்தை, காரை, நாவல் வெச்சா என்னன்னு நான் கேக்குறேன்.

இப்போ அந்தப் பூனை. திறந்த வெளியில ராத்திரி சுத்துற பூனைக்குட்டி, கோழி, ஆட்டுக்குட்டி இதையெல்லாம் நரி எடுக்க வாய்ப்பு இருக்கு. மாடியில ஃபிளாட்டுக்குள்ள இருக்கிற பூனைக்கு ஒண்ணும் ஆகாது, ராத்திரி வெளிய விடாதீங்க, அவ்வளவுதான். மனுஷனைப் பார்த்தா நரி ஒதுங்கித்தான் போகும். ஒதுங்காம, தள்ளாடி, பகல்ல கிட்ட வந்தா நோய் இருக்கலாம். நீங்க பிடிக்கப் போகாதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. கடிச்சுட்டா 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரி. நாய்க்கடிக்கு என்னவோ அதேதான்.

அசோசியேஷன் மீட்டிங்ல நீங்க பேச வேண்டியது ரெண்டு. ஒண்ணு, கறிக் கழிவை காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் வீசுறதை நிறுத்தச் சொல்லுங்க. பாவம்னு சோறு வைக்கவும் வேணாம். ரெண்டு, எலி கேக். நாம வாங்குற பல கேக்ல இருக்கிறது புரோமாடியோலோன் மாதிரி ரத்தத்தை உறைய விடாத மருந்து. எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அதுக்குள்ள மந்தமா வெளிய திரியும், சுலபமா மாட்டும். அதைத் தின்னுற ஆந்தைக்கும் நரிக்கும் அந்த மருந்து உள்ள போகும். எலியை நமக்காகப் பிடிக்கிற ஆளுக்கே விஷம் வைக்கிறோம். எலிப்பொறி போதும்.

நரியோட பசியையே ஆயுதமாக்குற வேலையும் நடக்குது. நாட்டுவெடியை இறைச்சிக்குள்ள வெச்சுப் போடுவாங்க, கடிச்சதும் வாய் சிதறும். இதுக்கு அவுட்டுக்காய்னு பேர். 2021-ல திருச்சி பக்கம் ஒரு நரியை இப்படிக் கொன்ன கேஸ்ல சிலரைக் கைது பண்ணாங்க. பல்லு, தோல், 'நரிக்கொம்பு'ன்னு விக்கிற டுபாக்கூர் தாயத்து, இதுக்கெல்லாம் இன்னும் மார்க்கெட் இருக்கு. நரிக்குக் கொம்பே கிடையாது மக்களே. 2022-ல சட்டத்தைத் திருத்தினப்போ நரி முதல் அட்டவணைக்கு வந்துடுச்சு, புலி இருக்கிற அதே அட்டவணை. வேட்டையாடினா குறைஞ்சது 3 வருஷம் ஜெயில்.

அதனாலதான் அந்த ஆடியோ எந்த அபார்ட்மென்ட்டுன்னு நான் சொல்லல. உங்க பக்கம், மாடம்பாக்கமோ முடிச்சூரோ ஊரப்பாக்கமோ, ஊளை கேட்டா ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க. தேதி, மணி போடுங்க. இன்ஸ்டாவுல லொகேஷன் டேக் மட்டும் பண்ணிடாதீங்க.