பள்ளிக் கதவைத் தட்டிய சிறுமி



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், கடல் கடந்து சென்ற ஒரு மக்கள் கல்விக்காகப் பட்ட பாட்டினைக் கூற விரும்புகின்றேன்.

தென் சீனத்தின் குவாங்டுங் மாகாணத்தில் கான்டனீஸ் பேசும் மக்கள் வாழ்கின்றனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் போரும் வறுமையும் அவர்களை வாட்டின. 1848-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொன் கிடைத்த செய்தி எட்டவே, பல்லாயிரவர் கப்பலேறினர். பொன் சிலருக்கே கிட்டியது. கடும் உழைப்போ எல்லோருக்கும் காத்திருந்தது. 1869-இல் முடிவுற்ற பெரும் இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியை, சியரா நெவாடா மலையைக் குடைந்து அமைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவர்களே. 1867-இல் வெள்ளையருக்கு இணையான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, உணவு வருவதைத் தடுத்து அவர்களைப் பணிய வைத்தனர்.

பாதை முடிந்தது, நன்றியும் மறைந்தது. 1882-இல் சீனத் தொழிலாளர் நுழையவே கூடாதெனச் சட்டம் இயற்றினர்.

அந்நாளில் சான்பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்னும் எட்டு வயதுச் சிறுமி இருந்தாள். அவள் தந்தை குவாங்டுங்கிலிருந்து இளமையில் வந்து, பால் வண்டி ஓட்டி முன்னேறியவர். 1884-இல் அவளை அருகிலிருந்த பொதுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். சீனப் பிள்ளை என்பதால் இடம் மறுக்கப்பட்டது. பெற்றோர் அஞ்சவில்லை, வழக்குத் தொடுத்தனர். 1885-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

வென்றார்களா? தீர்ப்பில் வென்றார்கள். ஆனால் சட்டமன்றம் விரைந்து கூடி, சீனப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி வைக்கலாம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டது. தாய் மேரி டேப் கல்விக் குழுவுக்குச் சினந்து கடிதம் எழுதினார். ஆயினும் மேமி தனிப்பள்ளிக்கே செல்ல நேர்ந்தது. அந்த விதி நீங்கியது 1947-இல்தான். இடைப்பட்டவை அறுபத்திரண்டு ஆண்டுகள்!

அவர்கள் சோர்ந்தனரா? இல்லை. ஊர்ச் சங்கங்கள் அமைத்தனர், வழக்கறிஞரை அமர்த்தினர். அம்மண்ணிற் பிறந்தவன் அந்நாட்டுக் குடிமகனே என்பதை, சான்பிரான்சிஸ்கோவிற் பிறந்த வோங் கிம் ஆர்க் 1898-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நிலைநாட்டினார். நுழைவுத் தடைச் சட்டமும் 1943-இல் நீக்கப்பட்டது.

குவாங்டுங்கிலிருந்து வந்த ஒருவர், வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு வீட்டில் ஏவல் வேலை செய்தார். அதற்கு ஈடாக அவர் பெற்றது ஆங்கிலப் பாடம். அவருடைய பேரன் கேரி லாக் 1997-இல் அம்மாநிலத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். பாட்டனார் உழைத்த வீடு ஆளுநர் மாளிகையிலிருந்து ஒரு மைல் தொலைவுதான். அந்த ஒரு மைலைக் கடக்க ஒரு குடும்பத்திற்கு மூன்று தலைமுறை ஆயிற்று.

இளைஞர்களே! தீர்ப்பு கதவைத் திறக்கும். அதை மீண்டும் மூடாமல் காப்பது விழிப்புள்ள மக்களின் ஒற்றுமையே. பெற்ற உரிமையைப் பயன்படுத்துங்கள்; பயன்படுத்தும்போதே காவலும் இருங்கள். நீங்கள் ஏறிய படியில் நின்று, அடுத்த பிள்ளைக்குக் கை கொடுங்கள்.