கணிதத்தில் மேற்படிப்பு: விண்ணப்பிக்கும் முறை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடி அமாவாசைத் தீர்த்தம் எந்நாளில் வருமென அமிர்தகழியில் எவரும் ஐயுறுவதில்லை, பஞ்சாங்கம் சொல்லிவிடுகின்றது. சூரிய சந்திரரின் கதியைக் கணித்து நாளும் நாழிகையும் குறிப்பது கணிதமே. ஆனால் அக்கணிதத்தையே வாழ்நாட் கல்வியாகக் கொள்ள விரும்பும் பிள்ளை நம் நடுவே எழுந்தால், "அதைப் படித்து என்ன உத்தியோகம் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டு இருத்திவிடுகின்றோம். இதுபற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

இம்மண்ணுக்குக் கணிதம் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947ஆம் ஆண்டு அரங்கேறிய யாழ்நூலில் சுருதிகளை எண்களால் அளந்தே அவர் பண்டை இசையை ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் கேம்பிறிட்ஜ் சென்று, திராக் என்னும் பேரறிஞரின் கீழ் ஆராய்ச்சி செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கினார்.

விண்ணப்பம் எப்படியிருக்க வேண்டுமென்பதற்கு இராமானுஜனே நல்ல ஆசிரியர். பட்டம் பெறாத அவர், சென்னைத் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தபோது, 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிறிட்ஜில் இருந்த ஹாடிக்குக் கடிதம் எழுதினார். முன்னர் வேறு இரு கணித அறிஞர்க்கு எழுதிப் பயன் கிட்டவில்லை. ஆயினும் மூன்றாமவருக்கு எழுதினார். தமது படிப்பையும் வேலையையும் ஒளிக்காமற் சொன்னார்; தம்மைப் புகழவில்லை; தாம் கண்ட தேற்றங்களை இணைத்து அனுப்பினார். ஹாடியோ நிறுவல்களைக் கேட்டார். அதே ஆண்டு கில்பேட் வாக்கர் என்பார் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபார்சுக் கடிதம் எழுதினார். அதன் பின்னர் மாதம் 75 ரூபா உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1914 மார்ச்சிற் கப்பலேறினார்; 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார்.

இன்றைய விண்ணப்பமும் ஏறக்குறைய இதுவே. உண்மையாக எழுதிய தன்விவரம், செய்த வேலைக்குச் சான்று, அறிந்தவர் தரும் சிபார்சு ஆகிய மூன்றும் வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளமாணிப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் விண்ணப்பம் முடிவடையும். அடுத்த ஆவணி, புரட்டாதியிற் படிப்புத் தொடங்கும். ஆதலால் ஓராண்டு முன்னரே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். வழக்கமாக மூன்று சிபார்சுக் கடிதங்கள் கேட்பர். "நல்ல பிள்ளை, ஒழுங்காக வருவான்" என்னுங் கடிதத்தாற் பயனில்லை. "இன்ன கணக்கை இவ்வாறு தானே முயன்று தீர்த்தாள்" என்று எழுதக்கூடிய ஆசிரியர் வேண்டும். அவரை இறுதி வாரத்தில் தேடி ஓடுதல் தகாது. முதலாண்டிலிருந்தே அவரிடம் கேள்வி கேட்டுப் பழகுதல் வேண்டும். ஜீ.ஆர்.ஈ. கணிதப் பரீட்சையைச் சில இடங்கள் கேட்கும், சில கேளா. ஒவ்வோர் அறிவித்தலையும் தனித்தனியே வாசியுங்கள். நோக்கக் கூற்றில், "சிறு வயது முதலே கணிதத்தில் ஆசை" என்று எழுதுவதிலும், அட்சரகணிதத்திலோ பகுப்பியலிலோ எந்த வினா உங்களைத் தூங்கவிடாமற் செய்தது என்று எழுதுவது நன்று.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். கணிதக் கலாநிதிப் படிப்புக்கு அனுமதி தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணத்தை நீக்கி, வகுப்புக் கற்பிப்பதற்கு மாதாந்தப் பணமும் தருகின்றன. விண்ணப்பக் கட்டணத்தையும் கேட்டால் விலக்கித் தருவன உள. இத்தாலியிலே திரியெஸ்தே நகரில், அப்துஸ் சலாம் 1964இல் நிறுவிய நிலையம் வளர்முக நாட்டு மாணவர்க்கு ஓராண்டுக் கணித டிப்ளோமாவை உதவித்தொகையுடன் நடத்துகின்றது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கணிதம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இக்கதவுகள் மூடப்பட்டவையல்ல.

ஒன்றை மறைத்தலாகாது. இது ஐந்தாறு ஆண்டு உழைப்பு. முடித்தபின் பேராசிரியர் பதவி எல்லார்க்கும் கிட்டுவதில்லை. அதையும் அறிந்தே இளைஞர் புறப்பட வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தாற் குன்றிப்போகவும் வேண்டா. இடமோ சில, விண்ணப்பிப்போரோ பலர்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டம் பெற்ற பிள்ளை ஓராண்டு வீட்டிலிருந்து படித்து விண்ணப்பிக்க விரும்பினால், அதைச் சோம்பலென்று எண்ணாதீர்கள். அவ்வோராண்டைப் பொறுத்துக்கொள்வதே அப்பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் உபகாரச் சம்பளம். பெண்பிள்ளையானாலும் அப்படியே.

இளைஞர்களே, கடிதத்தை எழுதத் தொடங்குங்கள். முதலாமவர் மறுமொழி தராவிட்டால் மூன்றாமவருக்கும் எழுதுங்கள்.