மரத்தடியில் ஒரு பாட்டில்

ஊறுகாய் தீர்ந்துபோன பாட்டிலை வீட்டில் என்ன செய்வோம்? கழுவிக் கவிழ்த்து, கடுகோ சீரகமோ போட்டு வைப்போம். போலந்து நாட்டில் ஒரு பெண்மணி, கண்ணாடிப் பாட்டிலில் குழந்தைகளின் பெயர்களைப் போட்டு வைத்தார்.

இரேனா செண்ட்லர். வார்சா நகராட்சியின் சமூகநலத் துறையில் வேலை. 1940-இல் நாஜிகள் அந்த நகரத்து யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்துச் சுற்றிலும் சுவர் வைத்தார்கள். உள்ளே பசி, விஷக் காய்ச்சல். காய்ச்சல் பரவுகிறதா என்று பார்க்கும் சாக்கில் இரேனா உள்ளே போவார். அவரும் தோழிகளும் குழந்தைகளை ஒளித்து வெளியே கொண்டுவருவார்கள். கைக்குழந்தை அழுதால் எல்லாம் போச்சு. தூக்க மருந்து கொடுப்பார்களாம்.

வெளியே வந்த குழந்தைக்குப் புதுப் பெயர், புது வீடு. யாராவது சோதித்தால் ஒப்பிக்கக் கிறிஸ்தவ ஜெபம் வேறு. உயிர் பிழைத்தது. சரி, பழைய பெயர்? பெற்றவள் நாளைக்குத் தேடி வந்தால்?

அதற்குத்தான் அந்தப் பட்டியல். மெல்லிய தாளில் பழைய பெயர், பக்கத்தில் புதுப் பெயர். பாட்டிலில் அடைத்து, ஒரு தோழியின் தோட்டத்தில், ஆப்பிள் மரத்தடியில் புதைத்தார்கள். 1943-இல் நாஜிகள் இரேனாவைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். ஒரு பெயர்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. பாட்டிலைத் தோண்டி எடுத்தார்கள். பெயர்கள் இருந்தன. பெற்றவர்களில் பெரும்பாலோர் இல்லை.