மஞ்சள் நிறமும் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியும்

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப்போட்டு களைச்சு வந்திருக்கிறீங்க. சுருக்கமாகவே பேசுவோம்.

மழை தொடங்கினா ஒரு பிள்ளையின் இருமல் லயத்தில எல்லாக் காம்பராவையும் சுற்றிவருது. மருந்து வேணும்தான். ஆனால் நோயை எதிர்க்கிற சக்தி சாப்பாட்டிலிருந்தும் வரவேண்டும். அதற்கு உதவுகிற ஒன்று, கரட், பூசணிக்காய், பப்பாசி இவற்றில் உள்ள மஞ்சள் நிறம். கரோட்டின் என்பார்கள். நம் குடலில் இது விற்றமின் ஏ ஆக மாறுகிறது. தொண்டை, நுரையீரல், குடல் இவற்றின் உள்தோலை ஈரமாகவும் உறுதியாகவும் வைப்பது இந்த விற்றமின்தான். அந்தத் தோல் காய்ந்துபோனால் கிருமி லேசாக உள்ளே புகும். கிருமியோடு சண்டைபிடிக்கிற வெள்ளை இரத்த அணுக்களுக்கும் இது தேவை.

முந்தி இது கண்ணுக்கு நல்லது என்று மட்டும்தான் சொல்லுவாங்க. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களில் டாக்டர் அல்பிரட் சொமரும் மற்றவர்களும் ஆராய்ந்து, 1986இல் முடிவை வெளியிட்டார்கள். விற்றமின் ஏ கொடுத்த கிராமங்களில் சிறுபிள்ளைகளின் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு! கிளினிக்கில் பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பது சும்மா இல்லை.

தோட்டம் போடுகிற குடும்பங்கள் கரட்டை மூட்டைகட்டி லொறியில ஏத்திவிட்டு, பிள்ளைக்கு ரொட்டியும் சம்பலும் கொடுக்கிறாங்க. காசு வேணும், நாங்க குறை சொல்லல்ல. ஆனா வியாபாரி கழிச்சுப்போடுகிற கோணல் கரட்டிலும் அதே நிறம்தான். அதை மாட்டுக்குப் போடாம சட்டியில போடுங்க.

கீரை பச்சையாச்சே என்பீங்க. அதிலும் அந்த மஞ்சள் இருக்கு, பச்சை அதை மறைச்சு நிற்குது. வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரமான இடத்தில சுலபமா வளரும். நல்லாக் கழுவிச் சமைத்தால் போதும். பீற்றூட் சிவப்பு வேறு சாயம், அது விற்றமின் ஏ ஆகாது.

முக்கியமான ஒன்று. இந்த நிறம் தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும். வெறும் தண்ணியில அவிச்ச கீரையால பலன் குறைவு. தேங்காய் விலை எங்களுக்கும் தெரியும். ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விட்டாலும் சரி. சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிச்சா கீரையின் இரும்புச்சத்து உடம்பில சேருவது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்க.

பிள்ளை பெற்றதும் வருகிற மஞ்சள் பாலை, கெட்ட பால் என்று பீச்சி ஊத்தச் சொல்கிற பாட்டிமாரும் உண்டு. அந்த மஞ்சளும் கரோட்டின்தான்! ஒரு சொட்டும் வீணாக்க வேண்டாம்.

கடையில குளிசை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறாங்க. பின்லாந்தில் புகைபிடிக்கிற ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1994இல் வந்தது. கரோட்டின் குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக வந்திருந்தது. சுருட்டு, பீடி குடிக்கிற அப்பாமார் கேட்டுக்கொள்ளுங்க. கர்ப்பிணித் தாய்மாரும் டாக்டர் சொல்லாமல் விற்றமின் ஏ குளிசை எடுக்கக்கூடாது.

கார்ட்டில விற்றமின் ஏ பதியாத பிள்ளைகளை புதன்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிவாங்க. கார்ட்டை மறந்திடாதீங்க.