ஊசியைக் கண்டு பயமா, ஊசி போடுபவரைக் கண்டு பயமா?

(கிள்ளானில் நடந்த குடும்பச் சந்திப்பு ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வழக்கறிஞன், மருத்துவன் அல்ல. எந்த ஊசியை யார் போட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நான் பேச வந்தது வேறு விஷயம். கோவிட்-19 காலத்தில் ஒரு பேச்சு எங்கும் அடிபட்டது. "அந்த இனத்தார் ஊசிக்கு வரிசையில் நிற்கிறார்கள், இந்த இனத்தார் ஓடி ஒளிகிறார்கள், இவர்களுக்குப் படிப்பறிவு போதாது" என்றார்கள். இந்தப் பேச்சு உண்மையா? உண்மையென்றால் அதற்குக் காரணம் என்ன? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பெரிய மாமா தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டினார். தோட்டம் விற்கப்பட்ட பிறகு பட்டணத்துக்கு வந்து பாதுகாவலர் வேலை பார்த்தார். பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் கடைசி வரைக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். 2021-இல் மூத்தவர்களுக்கு ஊசி தொடங்கியபோது, "பதிந்துவிடட்டுமா மாமா?" என்று தொலைபேசியில் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "தம்பி, அறுபது வருஷமா நீ எங்க ஆளு இல்லேன்னு சொல்லி அனுப்புனவன், இன்னைக்கு ஊசி போட மட்டும் வாவான்னு கூப்பிடுறான். சும்மா எதுவும் குடுக்காதவன் இத மட்டும் ஏன் சும்மா குடுக்குறான்?"

அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன். "சரி மாமா, யோசிச்சு சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

மாமா முட்டாள் அல்ல. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அவர் எடுத்த முடிவு அவர் உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. நியாயமான கேள்வியிலிருந்து ஆபத்தான முடிவுக்கு ஒரு மனிதன் எப்படிப் போய்ச் சேருகிறான்? அதைப் புரிந்துகொண்டால், இனத்துக்கு இனம் இந்த விஷயத்தில் வேறுபாடு ஏன் வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

நம் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். கப்பலில் வந்த நம் முன்னோரைப் பினாங்கு ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். அம்மை குத்தினார்கள். என் பாட்டி சொல்லுவார், தோட்டத்தில் ஊசி என்றால் வரிசையில் நிறுத்தி, கையைப் பிடித்து இழுத்துப் போடுவார்கள். என்ன, ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊசி நல்லது செய்தது என்பதில் சந்தேகமில்லை. பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று 1980-இல் அறிவித்தார்கள். ஆனால் ஊசி வந்த கை துரையின் கை. ஊசி உயிரைக் காத்தது, அந்தக் கை நம்பிக்கையை வளர்க்கவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். வேப்பிலை கட்டி மாரியம்மனைக் கும்பிட்டவர்களே அம்மையும் குத்திக்கொண்டார்கள். ஆகவே நம் பக்திதான் தடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள கதையும் அல்ல. இங்கிலாந்தில் எல்லாருக்கும் ஒரே ஊசி, ஒரே அரசாங்க மருத்துவச் சேவை, காசு கிடையாது. அப்படியிருந்தும் 2021 மார்ச் 11 வரையில், 70 வயதைத் தாண்டியவர்களில் முதல் ஊசி போட்ட வெள்ளை பிரிட்டிஷ்காரர்கள் 91.3 விழுக்காடு. வங்காளதேச வம்சாவளியினர் 72.7. கறுப்பு ஆப்பிரிக்கர்கள் 58.8. ஏன் இந்த இடைவெளி? அமெரிக்காவுக்குப் போனால் ஒரு காரணம் தெரியும். அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, நாற்பது ஆண்டுகள், ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை வைத்து அரசாங்கச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய். அந்த உண்மையை அவர்களிடம் சொல்லவில்லை. பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்கவில்லை. நோய் முற்றினால் உடம்பு என்னவாகும் என்று வேடிக்கை பார்த்தார்கள். 1997-இல்தான் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் ஊசியைக் கண்டு தயங்கினால் அதை அறியாமை என்று சொல்ல முடியுமா? அது நினைவு.

நம் நாட்டுக்கு வருவோம். முஸ்லிம்களில் சிலருக்கு ஊசி ஹலாலா என்ற கேள்வி இருந்தது. அதை யாரும் கேலி செய்யவில்லை. 2020 டிசம்பரிலேயே, ஊசி வருவதற்கு முன்பே, சமய அறிஞர்கள் கூடி, போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அது சரியான முறை. ஒரு சமூகத்தின் பயத்துக்கு, அந்தச் சமூகம் மதிக்கும் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

பூர்வக்குடி மக்களைப் பாருங்கள். 2019-இல் கிளந்தான் குவா மூசாங் பக்கம் கோலா கோ கிராமத்தில் பத்தேக் மக்கள் பத்துப் பேருக்கும் மேல் அடுத்தடுத்து இறந்தார்கள். அங்கே தட்டம்மை பரவியிருந்ததைச் சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது. தட்டம்மைக்கு ஊசி எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. மண்ணின் முதல் மக்களுக்கே அது முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

அடையாளப் பத்திரம் இல்லாத அந்நியத் தொழிலாளர்களுக்கும் ஊசி இலவசம் என்று 2021 பிப்ரவரியில் அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் அதே ஆண்டு ஜூனில் அவர்களைப் பிடிக்கச் சோதனைகளும் நடந்தன. ஒரு கை ஊசியை நீட்டுகிறது, இன்னொரு கை விலங்கை நீட்டுகிறது. யார் வருவார்கள்? வராதவர்களைப் பார்த்து, "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

நம் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு இரண்டு இடத்தில் அடி விழுந்தது.

ஒன்று, வாய்ப்பு. அஸ்ட்ராசெனகா ஊசியை எல்லாரும் பயந்து ஒதுக்குகிறார்கள் என்று முதன்மைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, விரும்பியவர்கள் இணையத்தில் பதியலாம் என்றார்கள். 2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்குமான 268,800 இடங்களும் சில மணி நேரத்திலேயே முடிந்தன. பயம் எங்கே போயிற்று? நல்ல கைத்தொலைபேசியும், வேகமான இணையமும், விவரம் சொல்ல ஆளும் இருந்தவர்களுக்குப் பயம் தெளிந்தது. அந்த நேரத்தில் பாதுகாவலர் கூண்டில் பன்னிரண்டு மணி நேர வேலையில் இருந்தவருக்கு அது முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவர் "தயங்கியவர்" ஆகிவிட்டார்.

இரண்டு, மொழி. அதிகாரபூர்வமான தகவல் நம் தாய்மார்களுக்குப் புரியும் தமிழில் வந்து சேருவதற்கு முன்னால், வாட்சாப்பில் பொய் நல்ல தமிழில் வந்து சேர்ந்தது. நடிகர் விவேக்கை நாம் எல்லாரும் நேசித்தோம். மக்களுக்குத் தைரியம் கொடுக்க அவர் 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி காலமானார். அதற்குப் பிறகு என் கைத்தொலைபேசிக்கு வந்த குரல் பதிவுகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அவர் போட்டுக்கொண்ட கோவாக்சின் நம் நாட்டுத் திட்டத்தில் இல்லவே இல்லை என்று எத்தனை பேர் சொன்னார்கள்? இந்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, அவர் மரணத்துக்கு ஊசி காரணம் அல்ல என்று அந்த ஆண்டு அக்டோபரில் சொன்னதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்? பொய் ஓடி முடித்த பிறகுதான் உண்மை செருப்பை மாட்டியது.

அஸ்ட்ராசெனகாவால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தக்கட்டு வந்தது உண்மை. அதையும் தமிழில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மறைத்தால் நம்பிக்கை வராது.

2021 அக்டோபரில் நாட்டின் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் ஊசியை முழுமையாகப் போட்டுவிட்டார்கள். சில மாதத்தில் யாருடைய இரத்தமும் மாறவில்லை, இனமும் மாறவில்லை. பக்கத்திலேயே மையம் வந்தது, பதியாமல் நேராகப் போக முடிந்தது, போட்டால்தான் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற விதியும் வந்தது. மாறியது ஏற்பாடுதான். ஆகவே தயக்கம் இனத்தின் குணம் அல்ல.

இனி சட்டம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு உயிர்வாழும் உரிமையைக் காக்கிறது. 8-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு சட்டத்தின் முன் சமத்துவம் தருகிறது. இரண்டிலும் "குடிமகன்" என்று எழுதவில்லை, "நபர்" என்று எழுதியிருக்கிறது. நீல அட்டை, சிவப்பு அட்டை, அட்டையே இல்லாதவர், எல்லாரும் நபர்தான். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. அடுத்த தொற்று வந்தால் முதல் நாளிலிருந்தே தமிழில் தகவல் வேண்டும். சிகிச்சைக்கும் ஊசிக்கும் வருபவரைப் பத்திரத்தைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. மூன்றாவது, கணக்கு. கோவிட் காலத்தில் அன்றாடம் வெளியிட்ட தரவில் மாநிலம் இருந்தது, வயது இருந்தது, இனம் இல்லை. இங்கிலாந்தில் இன வாரியாகக் கணக்கு வந்ததால்தான் அங்குள்ள சமூகங்கள் "எங்களுக்கு ஏன் குறைவு?" என்று கேட்க முடிந்தது. பள்ளிவாசலிலும் கோவிலிலும் ஊசி மையம் வந்தது. நமக்குக் கணக்கு இல்லாததால் பழி மட்டும் வந்தது. அதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் உண்டு. அரசாங்கத்தின் மீது கோபம் இருக்கட்டும். அந்தக் கோபத்துக்காக நம் உடம்பைப் பலி கொடுக்கக் கூடாது. உரிமைக்காகப் போராட ஆள் உயிரோடு இருக்க வேண்டும். வருகிற எந்தக் குரல் பதிவையும், சொன்னவர் யார் என்று தெரியாமல் பகிராதீர்கள். பிள்ளைகளின் தட்டம்மை ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி கோவிட் அவசரநிலை முடிந்தது என்றது. என் மாமா கேட்ட கேள்வி முடியவில்லை. அவருக்குப் பதில் சொல்ல அரசாங்கத்தில் ஆள் இல்லாமல் போகலாம். வீட்டில் நான் இருந்தேன். நீதிமன்றத்தில் மணிக்கணக்காக வாதாடுகிற நான், அவர் வீட்டு வாசற்படியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசவில்லை. அந்தக் குற்றத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.